தூக்குவாளி மூடி

சினிமாப் பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கும் செல்வின், மறுவீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தான். அவன் வாசித்த பாட்டு ஒன்றைப் புதுமனைவி ஜெபா தன் போனில் போட்டாள். பாட்டு முடிந்ததும் சின்ன மாமனார் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல மாப்பிள்ள எங்க இருக்காரு?"

போனின் பொடி ஸ்பீக்கரில் பேஸ் கிட்டாரின் கனத்த அடிக்குரல் கேட்காது என்று செல்வின் சொல்லிப் பார்த்தான். தன் கிட்டாரின் நாலு தடித்த கம்பிகளையும் பதினோரு வருஷமாக மாற்றவில்லை, மாற்றினால் அதன் குரலே போய்விடும் என்றும் சொன்னான். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பினார்கள். ஜெபாவின் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் இருவரும் ஊர் திரும்பிய தனியார் பஸ்ஸில் டிரைவர் அதே பாட்டைப் போட்டார். சீட்டுக்கு அடியில் பெரிய பெரிய ஸ்பீக்கர்கள். முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பிறகு ஜெபா பிடித்திருந்த கைப்பிடி. அவள் கையை எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்தாள்.

"இதுவா?"

செல்வின் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம் என்று தலையசைத்தான்.

பக்கத்து சீட்டுப் பெண்ணின் மடியில் இருந்த எவர்சில்வர் தூக்குவாளியின் மூடி, பாட்டில் செல்வின் விரல் கம்பியில் விழுந்த இடத்திலெல்லாம் பிசகாமல் கிணுகிணுத்தது. அவள் எரிச்சலோடு உள்ளங்கையால் மூடியை அழுத்தினாள். சத்தம் நின்றது.

ஜெபா எட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டாள்.

"அழுத்தாதீங்கக்கா. அது எங்க வீட்டுக்காரரு."