ஐந்தாம் நம்பர் சுவிட்ச்

ராயப்பன் போனை எடுக்கவில்லை. ஆறாவது முறையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது.

வெண்ணிலா கம்ப்யூட்டர் திரையைத் திரும்பப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. தப்பு அவளுடையதுதான்.

திண்டிவனத்தில் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர் தீனதயாளன் ஆபீசில் வயரிங் படம் வரைவது அவள் வேலை. சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. விக்கிரவாண்டியில் கட்டும் கல்யாண மண்டபத்துக்கு, எந்த சுவிட்ச் எந்த இடத்துக்கு என்று சார்ட் போட்டுக் கொடுத்திருந்தாள். மெயின் பேனல் கதவில் அதை ஒட்டியாகிவிட்டது. அதில் ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் இடம் மாறிக் கிடந்தன.

சமையல்கட்டு என்று போட்டிருக்கும் ஐந்தாம் நம்பரை அணைத்தால் சாப்பாட்டு ஹால்தான் அணையும். சமையல்கட்டில் கரண்ட் அப்படியே ஓடும்.

இன்றைக்குச் சமையல்கட்டில் கிரைண்டர் லைனைப் பிரிக்கப் போகிற எலெக்ட்ரீஷியன் ராயப்பன்.

"வேலை செஞ்சிக்கினு இருந்தா அவரு போனைத் தொட மாட்டாரு" என்றாள் பக்கத்து சீட் புனிதா. "சாரும் அங்கதான போயிருக்காரு, அவருக்குப் போடு. என்னா அவ்ளோ அவசரம்?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு அளவு கேக்கணும்."

தீனதயாளன் நம்பரை எடுத்தாள். விரல் அதன் மேலேயே நின்றது. என்ன சொல்வது? என் தப்பால ஒரு ஆளு சாகப் போறாரு சார் என்றா?

போனைப் பைக்குள் போட்டாள். திருத்திய சார்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பைபாசில் லாரிக்கு லாரி முந்தினாள். வழியில் இரண்டு தடவை ஓரங்கட்டிப் போன் போட்டாள். மணி அடித்தது. அவ்வளவுதான்.

பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு அவளைத் தாண்டி விக்கிரவாண்டிப் பக்கம் பறந்தது. அவள் கை ஹேண்டில்பாரில் வெடவெடவென்று ஆடியது.

'ராயப்பன் அண்ணன் உசுரோட இருந்தா போதும் சாமி. வேற எதுவும் வேணாம்.'

மண்டப வாசலில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆனால் உள்ளே சத்தம். சமையல்கட்டு வாசலில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். சுவரோரமாக உள்ளே நுழைந்தாள்.

ராயப்பன் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. விரல் நுனிகள் கருகியிருந்தன. உயிரோடு இருந்தார்.

வெண்ணிலாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சுவிட்சை அணைக்காமலா கை வச்ச?" தீனதயாளன் கத்திக்கொண்டிருந்தார். "பக்கத்துல இருந்தவன் கட்டையால தட்டி விடலைன்னா நீ காலி!"

"அணைச்சேன் சார். சார்ட்ல அஞ்சாம் நம்பர்னு..."

ராயப்பன் நிமிர்ந்தார். வெளிறிப்போய் நிற்கும் வெண்ணிலாவைப் பார்த்தார். அவள் கையில் இருந்த புதுக் காகிதத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"...நான்தான் நம்பரை மாத்திப் பார்த்துட்டேன் சார்."

"கண்ணு தெரியலைன்னா வீட்ல கெட! நாளையிலருந்து என் சைட்டுப் பக்கம் வராத."

தீனதயாளன் போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசல் வரை போனார். வெண்ணிலா ஓடிப்போய் ராயப்பன் முன்னால் குந்தினாள்.

"அண்ணே, சார்கிட்ட நான் சொல்லிடுறேன்..."

"கம்முனு இரு பாப்பா" என்றார் அவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு வேற சைட்டு கெடைக்கும். உனக்கு இது மொத வேலை. இந்தப் பேரு வந்துச்சுன்னா எவனும் சேக்க மாட்டான்."

தீனதயாளன் திரும்பி வந்தார். அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"நீ எதுக்கும்மா வந்த?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"புது சார்ட் ஒட்ட வந்தேன் சார். பழசு கசங்கிப் போச்சுன்னாங்க."

"பார்யா, நேத்து வந்த பொண்ணு! அதுக்கு இருக்குற பொறுப்பு உனக்கு இல்லியே!"

ராயப்பன் கையில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டார். வெண்ணிலா பேனலுக்குப் போய்ப் பழைய சார்ட்டை உரித்தாள். நாலாகக் கிழித்துப் பைக்குள் திணித்தாள். புதியதை ஒட்டி, மூலை மூலையாக நீவிவிட்டாள். நடுக்கம் நின்றிருந்தது.

திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"சார்ட்டை ஒழுங்கா பார்த்துட்டுக் கை வைக்கக் கூடாதாண்ணே?"