காய்ச்சல் கண்

நாகப்பட்டினத்தில் ஒல்லாந்துத் துரை ஒருவரின் மனைவி, தன்னைப் படம் எழுதத் தங்கள் ஊரிலிருந்து கப்பலில் ஓவியரை வரவழைத்திருந்தாள். பட்டும் முத்தும் பூண்டு துரைசானி அமர்ந்திருக்க, பின்னால் வெள்ளித் தட்டில் எலுமிச்சம்பழம் ஏந்தி நின்றவள் என் அக்கா வெள்ளச்சி. அந்த வீட்டுச் செல்வத்தில் அவளும் ஒன்று என்று படம் சொல்ல வேண்டுமாம்.

சில நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நான் கஷாயம் எடுத்துப்போனேன். அக்காவின் கண்களை அருகில் வந்து பார்த்த ஓவியர் ஏதோ சொல்லிக் கைதட்டினார்.

"கண்ணு முத்தாட்டம் மினுங்குதாம்," என்றார், ஓவியர் பேச்சை எங்களுக்குத் தமிழில் சொல்லும் துபாஷி சிங்காரம். "எழுதி முடிக்கிற வரைக்கும் காய்ச்சல் எறங்கக் கூடாதாம். கஷாயத்தைக் கொண்டுபோ புள்ள."

"அவளால நிக்கவே முடியலையேய்யா."

"நிக்கத்தானே சொல்றாங்க, நெல்லா குத்தச் சொல்றாங்க?"

பார்வை நகரக் கூடாதென்று மிரட்டி வைத்திருந்ததால் அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஓவியர் அவள் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். பிடிக்காமல் துடைத்தார். மறுபடி வைத்தார். கஷாயம் என் கையில் ஆறிப்போனது.

கண்கள் முடிந்த மறுநாள் அக்கா செத்துப்போனாள். தலைமுழுகிய ஈரம் காயுமுன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். படத்தில் கைகள் பாக்கி இருந்தன. அக்காவின் சட்டையை எனக்குப் போட்டுத் தட்டைக் கொடுத்தார்கள். ஓவியர் என் விரல்களைப் பிரித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"உங்கக்கா கையைவிட உன் கை அழகாம். கொடுத்து வச்சவ நீ," என்றார் துபாஷி. "எங்க, கொஞ்சம் சிரி."

"கையைத்தானே எழுதுறாங்க? எதுக்குய்யா சிரிக்கணும்?"

"துரைசானி பாத்துக்கிட்டிருக்காங்கல்ல."