தயிர்சாதப் பூனை

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பூனைக்குப் பூச்சி மருந்து இரண்டு பொட்டலம் கொடுத்திருந்தார். மாதத்துக்கு ஒன்றுதான், இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் பூனை தாங்காதாம்.

"முதல் பொட்டலம் என்ன ஆச்சு?" என்று அலுப்போடு கேட்டார் பஞ்சாபகேசன்.

"நேத்து தயிர்சாதத்துல பிசைஞ்சு வெச்சேன். அப்படியே துப்பிடுத்து" என்றாள் அவர் மனைவி தர்மாம்பாள்.

"நேத்து சாயங்காலம் எதுக்கு மறுபடியும் ஸ்நானம் பண்ணினே?"

"வேர்த்துக் கொட்டித்து."

மீனில் வைத்தால் தின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது? 'எங்காத்துப் பூனை தயிர்சாதம் தவிர எதையும் தொடாது' என்று மயிலாப்பூர் முழுக்கப் பெருமையடிப்பவள்.

மத்தியானம் இரண்டாவது பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வேகாத வெயிலில் சாந்தோம் கடற்கரைக்கு நடந்தார். மீன்காரி தேசம்மாவின் கூடையருகே அவர் வீட்டுப் பூனை வழக்கம்போல் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"ஒரு மீனுக்குள்ள இதை வெச்சுக் குடும்மா. ஆத்துல தெரிய வேண்டாம்."

தேசம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சாமி, இன்னொண்ணா? நேத்து சாயங்காலம் உங்க வூட்டம்மா வந்து, தன் கையாலயே மீனைக் கிள்ளி, இதே மருந்தை உள்ள வச்சு ஊட்டிட்டுப் போச்சே! சாமிக்குத் தெரியக் கூடாதுன்னுச்சு."

அவர் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். மணலில் உட்கார்ந்து, வெகுநேரம் பூனையைத் தடவிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் நேரே கிணற்றடிக்குப் போனார்.

"இந்த வேளையில என்ன ஸ்நானம்?" என்றாள் தர்மாம்பாள்.

"வேர்த்துக் கொட்டித்து" என்றார்.