கடைசி அடியில் ஒரு பெயர்

ஜூஜுவாடி நெடுஞ்சாலையின் தூசியில் மாலை வெயில் மஞ்சளாய்க் கலங்கி நிற்கிறது. லால் பாஷாவின் செல்போன் கடையில் கண்ணாடிப் பெட்டி மேல் இரு கைகளையும் ஊன்றி நிற்கிறாள் நாராயணம்மா. போன வருஷம் இறந்துபோன மகள் ரூபா எப்போதோ பாடிய அம்மன் பாட்டு அவளுக்கு வேண்டும். அதை வெளியிட்ட சின்னக் கம்பெனி, பாட்டைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லாமல் என்றோ மூடிவிட்டது. “கடைசி அடியில எம்பொண்ணு தன் பேரச் சொல்லுவா பாய். அதக் கேட்டாப் போதும்.” லால் பாஷா கம்ப்யூட்டரில் தேடிப் போடுகிறார். ரூபாவின் குரல் கடையை நிறைக்க, தாய் கண்மூடிக் கைகூப்புகிறாள். “உன் பிள்ளை…” என்று கடைசி அடி எழும்போது, பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் ஆண்குரல் ஏறி உட்கார்ந்து “பாட்டுவயல் டாட் காம்” என்கிறது. பாட்டுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளத் தரும் தளத்தின் முத்திரை அது. அவர் இன்னொரு பிரதியைப் போடுகிறார், மற்றொன்றையும் போடுகிறார். எல்லாவற்றிலும் அதே குரல்.

“இதத்தான்மா வர்றவங்களுக்கெல்லாம் போன்ல ஏத்திக் குடுத்தேன். சாமி பாட்டுதானே, சும்மா குடுத்தா நல்லதுன்னு நெனச்சேன்.” அவர் தன் ஸ்டூலை மெல்ல அவள் பக்கம் நகர்த்துகிறார். அவள் உட்காரவில்லை.

அப்போதுதான் உள்ளே வரும் லாரி டிரைவர் வெங்கட் பாட்டைக் கேட்டு முகம் மலர்கிறான். “அட, நம்ம வண்டிப் பாட்டு! முழுசும் மனப்பாடம் பாய்.” கண்ணாடியில் தாளம் தட்டி, பக்தியோடு, ராகம் பிசகாமல் பாடுகிறான்: “உன் பிள்ளை பாட்டுவயல் டாட் காம்…” நாராயணம்மாவின் உதடுகள் மட்டும் அந்த இடத்தில் சத்தமில்லாமல் வேறொரு பெயரைச் சொல்கின்றன.