மோதிரம் ஏறாத விரல்

"ஊசியை நீதான் போடணும். எனக்குப் பார்த்தாலே மயக்கம் வரும்."

"ஊருக்கே உடம்பை முறுக்கிக் காட்டுற ஜிம் மாஸ்டருக்கு இத்தனூண்டு ஊசின்னா பயமா?"

போன வருஷம் இப்படிச் சிரித்துப் பேசித்தான் வளர்ச்சி ஹார்மோன் ஊசி அந்த வீட்டுக்குள் வந்தது. நாற்பது வயதிலும் வாலிப உடம்பு வேண்டுமாம் கணவனுக்கு. தினமும் காலையில் அவன் கண்ணை இறுக மூடிக்கொள்ள, மனைவி மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து அவன் வயிற்றில் போட்டுவிடுவாள்.

சீக்கிரமே கல்யாண மோதிரம் இறுகியது. பிறகு ஷூ பத்தவில்லை. குரல் தடித்தது, தாடை அகன்றது. இன்று நகைக்கடையில் மோதிரத்தை வெட்டி எடுத்துவிட்டு வந்தவன், பருத்த விரலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"பார்த்தியாடி, மருந்து என்னமா வேலை செய்யுது! நாளைலேர்ந்து இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு."

அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க... மோதிரம் இறுகினப்பவே பயந்துபோய்ப் பொடியைக் கலக்குறதை நிறுத்திட்டேன். விட்டா வடிஞ்சிரும்னு நினைச்சேன். அன்னையிலேர்ந்து வெறும் தண்ணியைத்தான் போடுறேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்போ... மருந்தே இல்லாம கை எப்படி வளருது?"

"டாக்டர்கிட்ட விசாரிச்சேன். தலைக்குள்ள கட்டி இருந்தாலும் அதே ஹார்மோன் தானாச் சுரந்து இப்படி வளருமாம். எங்கே என்மேல கோபப்படுவீங்களோன்னு வாயைத் திறக்காமலே இருந்துட்டேன். கையெடுத்துக் கும்பிடுறேன், இப்பவே என்கூட ஸ்கேன் எடுக்க வாங்க."