ஆஸ்பத்திரி ஸ்டாப்

"அவனைப் பத்திப் பேச என்னைக் கூப்பிடாதீங்க. வாயில நல்ல வார்த்தை வராது!"

டிப்போவில் கண்டக்டருக்கு வழியனுப்பு விழா. இப்படி வெடித்தது வேறு யாருமில்லை, மீசைதான். அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய பழைய டிரைவர். ரிட்டையர் ஆகி மீசை நரைத்ததே தவிர, முறுக்கு குறையவில்லை.

அடடா, என்ன ஜோடி அது! இவர் விசிலை வாயில் வைக்கும்போதே அவர் கியரைப் போட்டிருப்பார். ரெண்டு பேருக்கும் ஒரே டிபன் பாக்ஸ். அதெல்லாம் ஒரு காலம்.

"பித்தக்குழாய்ல கல்லு அடைச்சு, மஞ்சக்காமாலையில சாகக் கெடந்தேன். ஆஸ்பத்திரி மாடியில ஜன்னலோரக் கட்டில். ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தானா?"

"விடுங்கண்ணே, பழைய கதை" என்றார் மெக்கானிக்.

"எப்படிய்யா விடுறது? நான் படுத்த நேரமா பாத்து ஆஸ்பத்திரி வாசல்ல புதுசா ஸ்டாப்பு வேற போட்டுட்டாங்க. தெனமும் எங்க பஸ் கீழ வந்து நிக்கும். இவன் விசில் கேக்கும். எழுந்து பாக்கத் தெம்பில்ல. படியேறி வருவான் வருவான்னு கதவையே பாத்துட்டுக் கெடப்பேன். பஸ் போயிடும்."

மீசை தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் தேறினதும் வேற ரூட்டு கேட்டு வாங்கிட்டேன். அப்புறம் இவன் மூஞ்சியிலயே முழிக்கல."

கண்டக்டர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"மொத நாளே வந்தேண்ணே. டாக்டர் வாசல்லயே மறிச்சு, என்ன வேலைன்னு கேட்டாரு. சொன்னேன். 'ஊரு இருமல், தும்மல் எல்லாம் உன் மேலதான் இருக்கும். காமாலை இவ்வளவு முத்தினா, உடம்புக்குக் கிருமியோட மல்லுக்கட்டத் தெம்பு இருக்காது. சின்னக் காய்ச்சல் ஒட்டினாக்கூட ஆளு தாங்க மாட்டாரு. உள்ள வராதே'ன்னுட்டாரு."

"சொல்லியனுப்ப வேண்டியதுதானே?"

"கேக்குற ஆளா நீங்க? 'டாக்டர் கெடக்குறாரு, வாடா'ன்னு கத்தி ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கியிருப்பீங்க. தேறினதும் சொல்லலாம்னு ஓடி வந்தேன். நீங்க மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டீங்க."

மீசை விடவில்லை.

"இருக்கட்டும்டா. அதுக்காக தெனமும் அந்த ஸ்டாப்புல நின்னு, ஆளை ஏத்தி எறக்கிட்டு, நீ பாட்டுக்குப் போவியா?"

கண்டக்டர் சிரிக்கப் பார்த்தார். கண்தான் நிறைந்தது.

"எந்த ஸ்டாப்புண்ணே? அங்க அன்னைக்கும் ஸ்டாப் கெடையாது, இன்னைக்கும் கெடையாது."