இருக்கியா?

மேல்மாடி ரவுட்டரையும் கீழ்மாடி ரவுட்டரையும் இரண்டு வயர்கள் இணைத்தன. ஆபீஸ் வேலை எல்லாம் நீல வயரில்தான் ஓடும். அது அறுந்தால் உதவட்டும் என்று போட்டது மஞ்சள் வயர். மூன்று வருஷமாக நீலம் அறுந்ததே இல்லை.

சும்மா கிடக்கும் வயரை மட்டும் பத்து விநாடிக்கு ஒருமுறை ரவுட்டர் கூப்பிடும்: "இருக்கியா?"

"இருக்கேன்" என்று மஞ்சள் சொல்லும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. ஒரே ஒரு லீவு லெட்டராவது தன் வழியாகப் போகாதா என்று ஏங்கும்.

ஒருநாள் காலை, ஏசி மாட்ட வந்தவர் சுவரில் துளை போட்டதில் நீலம் அறுந்தது. எல்லாமே மஞ்சளுக்குள் பாய்ந்தன: டெண்டர், மேனேஜரின் திட்டு, யாரோ ஒருத்தியின் குழந்தை போட்டோ. மதியத்துக்குள் நீலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். மஞ்சள் மறுபடி சும்மா கிடந்தது.

"குடுத்துவெச்சவன்டா நீ. தினமும் இதையெல்லாம் சுமக்கிறே" என்றது மஞ்சள்.

நீலம் சொன்னது:

"உன்னை 'இருக்கியா'ன்னு கேக்குறதை மூணு வருஷமா ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருக்கேன். என்னை முதல் தடவையா இன்னிக்குக் காலையிலதான் கேட்டுச்சு. அப்போ நான் அறுந்து கிடந்தேன். பதில் சொல்ல முடியல."